பின்வேலியோரம் ஒரு மொனார்க் பாத்தி: நான்கு கோடைகளின் குறிப்பு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவு பெரியதல்ல. பாதி இடம் அம்மாவின் கத்தரிக்கும் வெண்டிக்கும் பச்சை மிளகாய்க்கும் போய்விடும். மிச்சத்தில், பின்வேலியை ஒட்டி நாலடி அகலத்தில் ஒரு பாத்தியை 2022 வசந்தத்தில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்கென்று ஒதுக்கினேன். அங்கே பிறந்த முதல் பூச்சி பறந்தது 2025 கோடையில். நடுவில் நான் விட்ட பிழைகளை எழுதி வைத்தால் இதைத் தொடங்க நினைக்கும் இன்னொருவருக்கு இரண்டு கோடையாவது மிச்சமாகும்.

ஆசை பிடித்தது 2021 செப்டெம்பரில். ஒரு காலை அம்மாவை ரொசெட்டா மக்லெயின் பூங்காவுக்கு நடக்கக் கூட்டிப் போயிருந்தேன். ஒன்ராறியோ ஏரியின் செங்குத்தான மண்கரைக்கு மேலே இருக்கிற பூங்கா அது. இலையுதிர்காலத்தில் பருந்து எண்ணுகிறவர்கள் தொலைநோக்கியோடு அங்கே நிற்பார்கள். அன்று அவர்கள் தலைக்கு மேலால் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே போய்க்கொண்டிருந்தன. இறக்கையை நாலு தரம் அடிப்பது, அப்புறம் விரித்தபடியே காற்றில் வழுக்குவது, திரும்ப நாலு அடி. வடக்கிலிருந்து வருகிறவை ஏரியைக் கண்டதும், பல, தண்ணீருக்கு மேலால் போகத் துணியாமல் கரையோரமாக மேற்கே திரும்பிவிடும் என்று அங்கே நின்ற ஒரு பெரியவர் சொன்னார். எங்கே போகின்றன என்று கேட்டேன். மெக்சிக்கோவுக்கு என்றார்.

அரைக் கிராம் எடையுள்ள ஒரு பூச்சி இங்கிருந்து மெக்சிக்கோவின் மிச்சோவக்கான் மலைகளுக்குப் போகிறது. வளைந்து நெளிந்து பறக்கும் வழியைக் கணக்கில் எடுத்தால் ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றர் உயரத்தில் ஒயாமெல் என்ற ஊசியிலை மரங்களில் கோடிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு பனிக்காலத்தைக் கழிக்கிறது. இதைவிட என்னை உலுக்கியது, போகிற பூச்சி எதுவும் அந்த இடத்தை முன்னே பின்னே கண்டதில்லை என்பது. வழி காட்டத் தாயும் இல்லை. போன வருடம் அங்கே இருந்தது அதன் பாட்டிக்குப் பாட்டியாக இருக்கலாம். அன்று வீட்டுக்கு வரும் வழியில் முடிவெடுத்துவிட்டேன்.

மொனார்க் புழு தின்பது ஒரேயொரு செடி இனத்தைத்தான். மில்க்வீட். அது இல்லாமல் முட்டை இல்லை, புழு இல்லை, பூச்சி இல்லை. வேலையில் கூட இருக்கிற ஒரு அக்கா விதை தந்தார். 2022 ஏப்ரலில் அம்மா வெண்டி போட்ட அதே நாள் அதே மாதிரிச் சாடிகளில் நானும் போட்டேன். வெண்டி முளைத்தது, கத்தரி முளைத்தது, பாகல்கூட முளைத்தது. என் சாடிகளில் ஜூன் வரைக்கும் வெறும் மண். விதை பழுது என்று நினைத்துக் கொட்டிவிட்டேன்.

விதையில் பழுதில்லை. இந்த நாட்டுச் செடியின் விதை குளிருக்குள் கிடந்தால்தான் கண் விழிக்கும். ஒரு பனிக்காலம் கழிந்துவிட்டது என்று அதற்குத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் நவம்பரில் விழுந்த விதை, நடுவே வரும் நாலு வெயில் நாளில் முளைத்து அடுத்த கிழமை பனியில் கருகிப்போகும். யாழ்ப்பாணத்தில் விதை என்றால் ஈரமும் சூடும் போதும் என்று வளர்ந்தவனுக்கு இது புதுப் பாடம்.

2023 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கினேன். ஈரம் பிழிந்த பேப்பர் டவலில் விதைகளைப் பரப்பிச் சுருட்டி, சிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைப் பைக்குப் பக்கத்தில் ஆறு கிழமை வைத்தேன். முப்பது நாள் போதும் என்பார்கள். நான் பயத்தில் கூட வைத்தேன். பேப்பர் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கையில் ஒட்டுகிற ஈரம் போதும். இரண்டு வகை போட்டேன்: சாதாரண மில்க்வீட், சதுப்பு மில்க்வீட். ஏப்ரல் நடுவில் கால் அங்குல ஆழத்தில் ஊன்றினேன். பத்தாவது நாள் முதல் முளை. நாற்பது விதையில் இருபத்துமூன்று வந்தன.

அந்த ஆறு கிழமையில் வாசித்ததில் ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. இந்தப் பூச்சிகள் பனிக்காலத்தில் எங்கே போகின்றன என்று ஏறக்குறைய நாற்பது வருடமாகத் தேடியவர் ஃபிரெட் உர்கார்ட். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். நாங்கள் பஸ் ஏறுகிற ஊர். அவரும் மனைவி நோராவும் பூச்சியின் இறக்கையில் சின்னத் துண்டுக் கடதாசி ஒட்டிப் பறக்கவிட்டார்கள். ஆரம்பத்தில் ஒட்டியவை மழையில் கழன்று விழுந்தன. பிறகு கடைகளில் விலை ஒட்டுகிற மாதிரி அழுத்தி ஒட்டும் துண்டுக்கு மாறினார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வட அமெரிக்கா முழுக்க ஒட்டினார்கள். 1975 ஜனவரி 2ஆம் திகதி, அவர்களுக்காகத் தேடிக்கொண்டிருந்த கென் புருக்கரும் கத்தலீனா அகுவாடோவும் மெக்சிக்கோவில் செரோ பெலோன் மலையில் அந்தக் கூட்டத்தைக் கண்டார்கள். அந்த மலைகளில் வாழும் மக்களுக்கு அந்தப் பூச்சிகள் என்றுமே தெரிந்தவைதான். எங்கிருந்து வருகின்றன என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அடுத்த வருடம் உர்கார்ட் தம்பதியர் தாங்களே மலையேறினார்கள். பாரம் தாங்காமல் முறிந்து விழுந்த கொப்பில் கிடந்த பூச்சிகளில் ஒன்றின் இறக்கையில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒட்டிய துண்டு இருந்தது.

சரி, செடிக்கு வருவோம். மே மாதம் விக்ரோரியா தின விடுமுறைக்குப் பிறகு, இனி உறைபனி இல்லை என்று தெரிந்த பின் நட்டேன். இடம் மாற்றும்போது ஒரு இலை முறிந்து பால் கையில் வழிந்தது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இது எங்கட எருக்கலையின்ர சாதியெல்லோ. அந்தக் கையாலை கண்ணைத் தொட்டிடாதை" என்றார். முற்றிலும் சரி. எருக்கலையும் மில்க்வீட்டும் ஒரே குடும்பம். எருக்கலையில் வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஊரில் எல்லாரும் கண்டதுதான். தமிழ்நாட்டில் அதை வெந்தய வரியன் என்கிறார்கள். அது மொனார்க்கின் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். இரண்டுமே அந்தப் பாலில் உள்ள நஞ்சைப் புழுப்பருவத்தில் உடம்பில் சேர்த்துக்கொண்டு, தின்ன வருகிற பறவைக்குக் குமட்டலைக் கொடுத்துத் தப்புகின்றன. பால் கண்ணில் பட்டால் பெரிய உபாதை. கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

முதல் வருடக் கன்றுகள் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டன. மண்ணுக்குக் கீழே வேர் ஓடுகிற வருடம் அது. எனக்குப் பொறுமை இல்லை. ஜூன் கடைசியில் ஒரு கடையில் பூத்த செடிகள் மூன்று வாங்கி வந்து நட்டேன். இந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் மனம் வலிக்கிற பிழை அதுதான். ஜூலையில் ஒரு பெண் மொனார்க் வந்து, வயிற்றை வளைத்து, இலையின் அடியில் ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போனது. ஊசித்தலை அளவு, பால்வெள்ளை, நெடுக வரிவரியாக. நாலாம் நாள் புழுக்கள் வெளியே வந்தன. மகள் பூதக்கண்ணாடியோடு அதன் பக்கத்திலேயே இருந்தாள். ஆறாம் நாள் எல்லாம் இலையில் சுருண்டு கறுத்துக் கிடந்தன. "அப்பா, நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?" என்று கேட்டாள்.

அந்தச் செடிகளுக்குப் பூச்சிமருந்து கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். இலையில் தெளித்தது என்றால் கழுவலாம். வேர்வழியாகச் செடி முழுக்கப் பரவும் வகை மருந்து இருக்கிறது, அது மாதக்கணக்கில் இலைக்குள்ளேயே நிற்கும். மூன்று செடியையும் கிண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். செடி வாங்குகிறவர்கள் கடையில் ஒரே கேள்விதான் கேட்கவேண்டும்: விதையிலிருந்து இதுவரைக்கும் இதற்கு என்ன மருந்து போட்டீர்கள்? தெளிவான பதில் வராவிட்டால் வாங்கவேண்டாம். இலையில் பூச்சி தின்ற ஓட்டை ஒன்றிரண்டு உள்ள செடியைத் தேடி எடுப்பது நல்லது.

2024இல் சொந்தக் கன்றுகள் இடுப்புயரம் வளர்ந்து பூத்தன. ஆனால் பூச்சி வரவில்லை. ஜூன் முழுக்கப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஜூலை கடைசியில்தான் ஒன்று வந்து தேன் குடித்துவிட்டுப் போனது. என் பாத்தியில் குறையில்லை. மெக்சிக்கோவில் இவை தங்கும் காட்டைப் பரப்பால்தான் அளக்கிறார்கள், தலை எண்ண முடியாது. 1996-97 பனிக்காலத்தில் 18.19 ஹெக்டேயர் காட்டை மூடி இருந்தன. 2023-24இல் 0.90 ஹெக்டேயர். அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்குக் களைகொல்லியைத் தாங்கும் வகைகள் வந்ததோடு, பயிருக்கு நடுவே இருந்த மில்க்வீட் பெருமளவு அழிந்தது. மலைக்காட்டில் மரம் வெட்டினார்கள். வறட்சியும் சேர்ந்துகொண்டது. அந்த எண்ணைப் படித்தபிறகு, வந்த ஒன்றைப் பார்த்ததே பெரிது என்று பட்டது.

அந்த வருடம் மஞ்சள் அசுகுணி செடியின் நுனியெல்லாம் மொய்த்தது. மருந்து அடிக்கவே கூடாது, சோப்புத் தண்ணீரும் வேண்டாம். முட்டை இல்லை என்று பார்த்துக்கொண்டு விரலால் நசுக்கினால் போதும். இன்னொரு தொல்லை சாதாரண மில்க்வீட்டின் வேர். அது மண்ணுக்கடியில் ஓடி ஓடிப் புது இடத்தில் கிளம்பும். பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டியின் புல்தரையில் ஏழு கன்று எழும்பிவிட்டது. நானே போய்ப் பிடுங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, ஒரு பை பச்சை மிளகாயும் கொடுத்தேன். ஒன்ராறியோவில் இந்தச் செடி 2014 வரைக்கும் சட்டப்படி அழிக்கவேண்டிய களைகளின் பட்டியலில் இருந்தது, அந்தக் காலத்தவர் அதைக் கண்டு முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. சின்ன வளவு உள்ளவர்கள் சதுப்பு மில்க்வீட்டை மட்டும் நடுவது நல்லது. அது ஓடாது, நின்ற இடத்திலேயே குத்தாக நிற்கும். பெயர் சதுப்பு என்றாலும் சாதாரணத் தோட்ட மண்ணில் தண்ணீர் ஊற்றினால் நன்றாக வரும். மொனார்க்கும் அதை விரும்பித்தான் முட்டையிடுகிறது. சாதாரண வகையை மூன்று குத்தோடு நிறுத்தி, சுற்றிவர ஓரடி ஆழத்துக்குத் தகடு புதைத்தேன்.

2024-25 பனிக்காலத்தில் மெக்சிக்கோவில் 1.79 ஹெக்டேயர். இரட்டிப்பு. 2025 ஜூன் 14ஆம் திகதி காலை எட்டரைக்கு முதல் பெண் வந்தது. இது செப்டெம்பரில் இங்கிருந்து போனது இல்லை. போனது மார்ச்சில் மலையை விட்டிறங்கி டெக்சாஸ் பக்கம் முட்டையிட்டுச் செத்திருக்கும். அதன் பிள்ளையோ பேரப்பிள்ளையோதான் எங்கள் வேலிக்கு வருகிறது. அன்றைக்கே மகளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். திகதி, செடி இலக்கம், இலையின் எந்தப் பக்கம், எத்தனை முட்டை. கோடை முடிய அதில் 61 முட்டைகள் பதிவாகியிருந்தன. ஜூலைக் கடைசியில் மொன்றியல் இன்செக்டேரியம் என்ற பூச்சி அருங்காட்சியகம் நடத்தும் மிஷன் மொனார்க் திட்டத்துக்கு அந்தக் கிழமைக் கணக்கை அனுப்பினோம். முட்டை ஒன்றும் இல்லாத செடியையும் எழுதி அனுப்பவேண்டும், அதுவும் அவர்களுக்குத் தேவையான தகவல்.

61இல் பறந்ததைக் கண்டது மூன்று. எறும்பு, சிலந்தி, குளவி எல்லாம் வந்து போயின. மகள் அழுதாள். கூண்டில் வைத்து வளர்க்கலாமா என்று கேட்டாள், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. வேண்டாம் என்று விட்டோம். நெருக்கி வளர்த்தால் ஓஈ என்ற ஒட்டுண்ணி நோய் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். உள்ளே வளர்ந்த பூச்சிக்குத் தெற்குத் திசை பிடிபடுவதும் குறைவு என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வெளியில் நூற்றில் பத்துக்கும் குறைவுதான் பிழைக்கும். ஒரு பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடுவது அந்தக் கணக்கோடுதான். நான் செய்யக்கூடியது செடியைக் கூட்டுவது.

ஓகஸ்ட் முதல் கிழமை கண்டதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எங்கள் வேலிக்கு வெளிப்புறம் ஒரு கொடி பின்னிக்கொண்டு கிடந்தது. பச்சைப் பசேலென்று இருந்ததால் நாலு வருடமாக நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு பெண் மொனார்க் என் மில்க்வீட்டில் இரண்டு முட்டை வைத்துவிட்டு, நேரே அந்தக் கொடிக்குப் போய் அதிலும் வைத்தது. அது நாயின் கழுத்தை நெரிக்கும் கொடி என்று இங்கே பெயரெடுத்த, ஐரோப்பாவிலிருந்து வந்த களை. ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகளெல்லாம் அதுதான் படர்ந்திருக்கிறது. மில்க்வீட்டின் குடும்பம் என்பதால் தாய் மணத்தில் ஏமாந்து முட்டையிடும். புழு அதைத் தின்று பிழைக்காது. நான் ஒரு பக்கம் பாத்தி கட்டிப் பூச்சியை அழைத்துக்கொண்டு, மறுபக்கம் பொறியை வளரவிட்டிருந்தேன்.

அதை எடுப்பது இரண்டு சனிக்கிழமை வேலை. இழுத்தால் தண்டு மட்டும் அறுந்து வரும், வேர்முடிச்சு மண்ணில் இருந்து அடுத்த மாதம் திரும்பத் தளைக்கும். ஒடுங்கிய மண்வெட்டியால் முடிச்சைச் சுற்றி வெட்டிக் கிளப்பவேண்டும். காய் வெடிக்குமுன் செய்துவிட வேண்டும், வெடித்தால் பஞ்சோடு விதை பறந்து ஊரெல்லாம் போகும். வெட்டியதைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைத்தேன், பசளைக் குவியலில் போடவில்லை. வெட்டுமுன் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து, முட்டை இருந்த நாலு இலைத்துண்டை மில்க்வீட் இலையில் பற்குச்சியால் குத்தி வைத்தோம்.

அந்த நாலில் ஒன்று தப்பியது. மகள் அதற்குப் பதினொன்று என்று இலக்கம் போட்டாள். ஓகஸ்ட் 11 பொரித்தது. நாலு தரம் தோல் கழற்றி, கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு என் சின்னவிரல் மொத்தத்துக்கு வந்தது. 26ஆம் திகதி செடியைவிட்டு இறங்கி, வேலிக் குறுக்குப் பலகையின் அடியில் ஏறிப் பட்டுநூலில் பின்னங்காலை மாட்டிக்கொண்டு தலைகீழாகக் கொக்கிபோல் தொங்கியது. அடுத்த நாள் மதியம் தோல் உரிந்து பச்சைக் கூடாகியது. பச்சை என்றால் மாணிக்கக் கடையில் வைத்த மாதிரிப் பச்சை, மேல்விளிம்பில் தங்கப் புள்ளி வரிசை. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார். "ஆர் செய்த தோடு இது" என்றார்.

செப்டெம்பர் 9 இரவு கூடு கண்ணாடிபோல் தெளிந்து உள்ளே செம்மஞ்சள் தெரிந்தது. 10ஆம் திகதி காலை எட்டு மணிக்கு வெடித்தது. கசங்கிய துணிபோல் இறக்கை, பெருத்த வயிறு. வயிற்றிலிருந்து நீரை இறக்கைக்குத் தள்ளத் தள்ள அது மெல்ல விரிந்தது. பின்னிறக்கையில் கறுப்புப் புள்ளி இல்லை, நரம்பு தடிப்பு, ஆகவே பெண். குளிர் 11 பாகை. 13க்குக் கீழே அவற்றால் பறக்க முடியாது. வெயில் வேலிக்கு வரும்வரை அசையாமல் இருந்தது, பிறகு நடுங்கத் தொடங்கியது. குளிரில் நடுங்குகிறது என்று மகள் பயந்தாள். அது தன் தசையைச் சூடாக்குகிற முறை.

ஜூலையில் பறந்த இரண்டும் சில நாளிலேயே சோடி தேடியிருக்கும், ஒரு மாதத்தில் வாழ்க்கை முடிந்திருக்கும். இதுவோ வேறு பிறவி. நாள் குறுகுவதும், இரவு குளிர்வதும், இலை முற்றுவதும் சேர்ந்து இதன் உடம்பில் இனப்பெருக்கத்தை நிறுத்திவைக்கின்றன. அதே இனம், எட்டு மாத ஆயுள். திசை காட்டுவது சூரியன். சூரியன் நகர்ந்துகொண்டே இருக்குமே என்றால், அதன் உணர்கொம்பில் ஒரு கடிகாரம் உண்டு, நேரத்துக்கேற்பத் திசையைத் திருத்திக்கொள்ள. உணர்கொம்பை எடுத்துவிட்டால் திசை தவறுகிறது என்று ஆய்வாளர் ஸ்டீவன் ரெப்பர்ட்டின் குழு 2009இல் காட்டியது.

இந்தப் பிறவிக்கு மில்க்வீட் தேவையில்லை, தேன் தேவை. வழியெல்லாம் குடித்துக் கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டுதான் மலையில் ஐந்து மாதம் கழிக்கவேண்டும். அதனால் பாத்தியில் நியூ இங்கிலாந்து ஆஸ்டரும் கோல்டன்ராட்டும் வைத்திருந்தேன். கோல்டன்ராட் தும்மல் தரும் என்று மனைவி மறுத்தார். தும்மலுக்குக் காரணம் அதே நேரத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களை. கோல்டன்ராட்டின் மகரந்தம் பாரம், காற்றில் பறக்காது. பதினொன்றாம் பூச்சி போய் முதலில் இருந்தது ஆஸ்டரின் ஊதாப் பூவில்தான். நாற்பது நிமிடம் குடித்தது. பதினொன்றே முக்காலுக்கு எழும்பி, கூரையை ஒரு சுற்றுச் சுற்றி, மின்கம்பிப் பாதையில் மெடோவே என்று புல்வெளியாக்கிய பக்கம் தாழ்ந்து, திரும்ப உயர்ந்து ஏரிப்பக்கம் போனது.

அவை மலைக்குச் சேருவது நவம்பர் முதலாம் திகதியை ஒட்டி. மெக்சிக்கோவில் அப்போது இறந்தோர் நாள். வருகிறவை தங்கள் முன்னோரின் ஆன்மாக்கள் என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். "நாங்கள் காகத்துக்கு வைக்கிற மாதிரித்தான்" என்றார்.

நவம்பர் இரண்டாம் கிழமை, மண் இறுகுமுன், வேலிக்கு வெளியே கொடியைக் கிளப்பிய இடத்தில் சதுப்பு மில்க்வீட் விதை தூவினேன். இந்தமுறை ஃபிரிட்ஜ் வேண்டாம், பனிக்காலமே அந்த வேலையைச் செய்யட்டும். விதையில் ஒட்டிய பஞ்சை அம்மா விரலால் உருவி உருவிக் கொடுத்தார். மகள் ஐஸ்கிரீம் குச்சியில் திகதி எழுதி ஊன்றினாள். செத்த தண்டுகளை வெட்டாமல் விட்டிருக்கிறேன், விதை போட்ட இடம் பனிக்கு மேலால் தெரியவேண்டும்.